எழுபத்தெட்டுக் கிலோ

அந்த மரக்கழி அரைக் கிலோகூட இருக்காது. அதைத் தூக்க எனக்குத் தெரியவில்லை என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் ராத்திரி ஷிப்டில் ஐம்பது கிலோ மூட்டைகளை லாரியில் ஏற்றியவன் நான். அவளுக்கு வயது இருபத்தெட்டு இருந்தால் அதிகம். பகலில் தபால் அலுவலக கவுண்டரில் உட்கார்ந்து பார்சல் எடை போடுகிறவள். காலையில் ஆறு முதல் எட்டு வரை, மூடிப்போன டயர் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், ஏழெட்டுப் பேருக்குப் பளுதூக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

"அண்ணா, நீங்க கையால தூக்குறீங்க."

"வேற எதால தூக்குவாங்க?"

"காலால. கை வெறும் கயிறு. கயிறு எங்கயாச்சும் பாரத்தத் தூக்குமா? அது புடிச்சுக்கிட்டு இருக்கும், அவ்ளோதான்."

கழியை எடுத்ததுமே கழுத்துக்குக் கீழே தோளை ஒட்டி வைத்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள். அங்கே போய்ச்சேரவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் தொடை நடுவில் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, ஒரே உதறலில் நிமிர வேண்டும். நிமிர்ந்த வேகத்தில் கழி தானாக மேலே வரும். வந்ததும் நாம் அதற்குக் கீழே போய்க் குந்தி, தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குப் புரியாதது இந்தக் கீழே போகிற விஷயம்தான். மூட்டையை மேலே தூக்குவோம். மூட்டைக்கு அடியில் யாராவது போவார்களா? ஒவ்வொரு தடவையும் என் முழங்கை முன்னதாகவே மடங்கியது. அவள் என் இரண்டு முழங்கைகளிலும் காகித டேப்பைச் சுற்றி ஒட்டினாள். மடக்கினால் டேப் கிழியும். அன்று பதினெட்டு முறை கிழிந்தது. கவுண்டரில் முத்திரை குத்துகிற அதே முகத்தோடு பதினெட்டு முறையும் புதுசாக ஒட்டினாள்.

ஏன் வந்தீர்கள் என்று முதல் நாளே கேட்டாள். எழுபத்தெட்டுக் கிலோ தூக்க வேண்டும் என்றேன். அது என்ன கணக்கு, எண்பது என்று வைத்துக்கொள்ளலாமே என்றாள். எழுபத்தெட்டு போதும் என்றேன்.

எழுபத்தெட்டு என் அண்ணனின் எடை.

அண்ணன் பெரிய கட்டட வேலைகளில் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்தவன். இரும்பு உத்தரங்களைச் சங்கிலியில் கட்டி, கையை உயர்த்திக் காட்டினால் மேலே இருக்கிற ஓட்டுநர் தூக்குவான். நான் கொட்டகைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்னால் லாரியின் மேலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிற்று. வேலைக்கும் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுக்க ஏறியவன், கால் வழுக்கிவிட்டது. இருபது வருஷம் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பு ஆடியதில் ஒன்றும் ஆகாதவன். அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

நான் ராத்திரி ஷிப்டை விட்டேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூக்கம் கெட்டு, ஆட்களோடு பேச்சுக் குறைந்து, மூட்டையைத் தவிர எதையும் நேராகப் பார்க்காத ஒருவனாக ஆகிக்கொண்டிருந்தேன். விடுவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அண்ணன் கிடைத்தான். வீட்டுக்கு வந்து, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஒரு காபியைக் கொடுத்தாள்.

இரண்டாவது மாதம் அவனைக் கீழே போட்டேன்.

குளியலறை வாசலில் நடந்தது. நாற்காலியிலிருந்து அவனை அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பில் தூக்கினேன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று எடுப்போம். எடுக்கிறபோது பேச மாட்டோம். பேசினால் மூச்சுப் போய்விடும். அவன் குதிகால் நாற்காலியின் மிதிபலகையில் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் விழுந்தோம். அவன் புருவம் கதவு நிலையில் இடித்து மூன்று தையல் போட வேண்டியிருந்தது.

தையல் போட்டு வந்த அன்று மாலை, சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "இனிமே நீ என்னத் தொடாத."

அதற்குப் பிறகு எல்லாம் அண்ணிதான். படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, மறுபடி படுக்கை. அண்ணி ஐம்பது கிலோ. மூன்று மாதத்தில் அவள் முதுகில் தட்டு விலகியது. இன்னொரு தடவை பாரம் தூக்கினால் உங்களையும் ஒருவர் தூக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். நான் இருக்கிறேனே என்றேன். அண்ணன் வேறு ஏதோ பேசினான். பிறகு ஒரு நாள், ஊருக்கு வெளியே இருக்கிற பராமரிப்பு இல்லம் ஒன்றிலிருந்து விண்ணப்பம் வந்தது. அண்ணியின் அக்கா விசாரித்து அனுப்பியது என்று நினைத்தேன். இல்லை, அவனே போன் செய்து வரவழைத்திருக்கிறான். அடுத்த மாதம் முதல் தேதி இடம் காலியாகிறது.

"அவ முதுகு போனப்புறம் போறதுக்கு, முன்னாடியே போயிடுறேன்," என்றான். அண்ணி எழுந்து போய், ஏற்கெனவே துலக்கிய பாத்திரங்களை மறுபடி துலக்கினாள்.

ஒரு வாரம் கழித்து நான் தகரக் கொட்டகைக்குப் போய் நின்றேன். அவன் எடையை அலட்டிக்கொள்ளாமல் தூக்கிக் காட்டினால் நம்புவான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். மாதம் முடியும் முன்பே இல்லத்துக்காரர்கள் அழைத்து, பழுதுபார்ப்பு வேலையால் இடம் நான்கு மாதம் தள்ளிப்போகிறது என்றார்கள். எனக்கு நான்கு மாதம் கிடைத்தது.

கழியிலிருந்து இருபது கிலோ வெறுங்கம்பிக்கு வந்தேன். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் அதைப் பூட்ட வேண்டும். முதல் வாரம் கட்டைவிரல் வலியில் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. கம்பி உடம்பை உரசிக்கொண்டே வர வேண்டும் என்பதால் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. நாற்பது கிலோ வரை வம்பில்லை. நாற்பத்தைந்தில் பழைய மூட்டைக்காரன் வெளியே வந்தான். கனம் என்று மனசுக்குப் பட்டதுமே கை மடங்கியது. கம்பி முன்னால் வளைந்து போய் என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

"கனத்தப் பாத்ததும் அவசரப்படுறீங்கண்ணா. தரையில இருந்து மெதுவா வாங்க. அது ஓடிடாது," என்பாள்.

ஒரு நாள், எழுபத்தெட்டு யார் என்று நேரடியாகவே கேட்டாள். சொன்னேன். அவள் கம்பியின் எடைத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினாள்.

"எடை வந்துடும்ணா. இன்னும் ஒரு வருஷத்துல கூட வரும். ஆனா கம்பிக்குப் பயம் கெடையாது."

அன்று எனக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. எடை வரும் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் தூக்குவதை அவள் என் போனிலேயே படம் எடுத்துக் கொடுப்பாள், வீட்டில் போய்த் தவறைப் பார்க்கச் சொல்லி. ஒரு மதியம் அண்ணி அந்தப் போனை எடுத்துக் கூடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கம்பி விழுகிற சத்தம் உள் அறை வரை கேட்டிருக்க வேண்டும். என்ன அது என்று அண்ணன் கேட்டான். அண்ணி கொண்டுபோய்க் காட்டினாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான்கு தடவை அதே சத்தம் வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டுகிறான்.

"டேய்," என்றான். விழுந்த நாளுக்குப் பிறகு, ஐந்தாறு மாதத்தில், அவனாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாரம் உன்ன விட்டு ஒரு சாண் தள்ளிப் போகுது பாரு. தள்ளிப்போன பாரம் ஒண்ணுக்கு ரெண்டாக் கனக்கும். உன் வாத்தியார் சொல்லலயா?"

"வாத்தியார் இல்ல, வாத்தியாரம்மா. தெனமும் சொல்றா."

"அவ சொல்லியும் கேக்கலன்னா உனக்குக் காது தோள்ல இருக்கு."

அதிலிருந்து அவனுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. தினம் மதியம் போனைக் கேட்பான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கம்பி போன வழியைக் கோடாகப் போடுவான். நல்ல தூக்கலுக்கு நேர்கோடு, எனக்குப் பாம்பு. அந்தச் சீட்டுகளைக் கொட்டகையில் காட்டினேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த ஆளை எனக்கு உதவியாக அனுப்பி வையுங்கள், உங்களை வீட்டில் விட்டுவிடலாம் என்றாள். அதை அண்ணனிடம் சொன்னபோது வாயை ஒரு பக்கம் கோணினான். சிரிப்பை அடக்குகிறபோது அவன் அப்படித்தான் செய்வான்.

அறுபது கிலோவை நான் முதல் முறையாகத் தோளில் வாங்கிய படத்தை அவன் நிறைய நேரம் பார்த்தான். கோடு நேராகத்தான் இருந்தது. பாராட்டுவான் என்று நின்றேன்.

"இங்க சிக்னல் யாரு குடுக்கறது?"

"யாருமில்ல. எனக்குத் தோணுறப்ப எடுப்பேன்."

"ம்," என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தான். அன்று சீட்டில் எதுவும் போடவில்லை.

நான் முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். உறைப்பதற்கு எனக்கு எப்போதும் நேரம் ஆகும். இருபது வருஷம், இந்த மனுஷன் கையைத் தூக்காமல் ஒரு கம்பிகூடத் தரையை விட்டுக் கிளம்பியதில்லை. மேலாளர் வந்து கத்தினாலும் ஓட்டுநர் இவன் கையைத்தான் பார்ப்பான். அவனை நான் ஒரு வார்த்தை சொல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று எடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. விழுந்தது ஒரே ஒரு தடவை. விழாத ஒவ்வொரு தடவையும் அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

இல்லத்திலிருந்து வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய் காலை அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கூடத்தின் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தாள், முழங்காலை மடக்கிக்கொண்டு. எழுந்திருக்க வேண்டாம் என்றேன். மணி பத்தைத் தாண்டியும் அண்ணன் படுக்கையில்தான் இருந்தான். அடுத்த தெருவிலிருந்து யாரையாவது அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். அவன் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான்.

தரையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அண்ணனும் தம்பியும் சேந்து ஏதாச்சும் பண்ணித் தொலைங்க. இங்க கெடந்துக்கிட்டு உங்க மூஞ்சியப் பாத்துச் சமாதானம் பண்ண என்னால முடியுமா?"

அவனே கைகளை ஊன்றி உட்கார்ந்தான். கால்களைக் கையால் எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே விட்டான். நான் அவன் முன்னால் போய்க் குந்தினேன். முழுசாக, கம்பிக்கு அடியில் போவதுபோல. அவன் முகத்துக்குக் கீழே என் முகம் இருந்தது. அவனைத் தொடவில்லை.

"நீ சொல்றப்பதான் எடுப்பேன்," என்றேன். "சொல்லலன்னா இப்படியே உக்காந்திருப்பேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் கால்களைப் பார்த்தான்.

"எடது கால் தள்ளியிருக்கு. உள்ள வை."

வைத்தேன்.

"அக்குள்ல கை போடாத. பாரத்தோட நடுவுலதான் கட்டணும். இடுப்புக்குப் பெல்ட்டு எங்க?"

பயிற்சிக்குக் கட்டுகிற என் அகலத் தோல் பெல்ட் கதவில் தொங்கியது. எடுத்துவந்து அவன் இடுப்பில் கட்டினேன். ஒரு ஓட்டை இறுக்கு என்றான். இறுக்கினேன். நாற்காலியின் தடை போட்டிருக்கிறதா என்றான். மிதிபலகையை மடக்கினாயா என்றான். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவன் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. வேலையிடத்தில் அப்படித்தான் பேசியிருப்பான் போல.

என் முழங்கால்களை அவன் முழங்கால்களுக்கு அணைகொடுத்து, பெல்ட்டை அவன் முதுகுப் பக்கமாக இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் முன்னால் சாய்ந்து என் தோளில் மோவாயை வைத்தான். ஒரு கை என் கழுத்தைச் சுற்றியது. இப்போது அவன் கையை நான் பார்க்க முடியாது. அது அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தொடை எரிய ஆரம்பித்தது. அசையாமல் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது.  கூடத்தில் அண்ணி மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

பிறகு என் முதுகில் ஒரு விரல் பட்டது. சட்டைமேல், தோள்பட்டைகளுக்கு நடுவில், சின்னதாக ஒரு வட்டம் போட்டது. கிரேன்காரனுக்கு மேலே தூக்கச் சொல்கிற சைகை அது.

கையை மடக்காமல், காலால், மெதுவாக எழுந்தேன். அவன் என்னோடு வந்தான். பாதிவழியில் அவன் உடம்பு ஒருமுறை விறைத்தது. நான் நின்றேன். விரல் மறுபடி வட்டம் போட்டது. எழுந்தேன். இரண்டு பேரும் நேராக நின்றோம். அவன் என்னைவிட உயரம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

நாற்காலி வலது பக்கம் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தேன். அப்போது அவன் உள்ளங்கை முழுசாக என் முதுகில் விரிந்து அழுத்தியது. நில்.

நின்றேன். என் முன்னால் இருந்தது வெறும் சுவர், அதில் பழைய தேதி காட்டுகிற ஒரு நாட்காட்டி. அவனுக்கு முன்னால் ஜன்னல். பத்து மாதத்துக்கு மேலாகப் படுத்தும் உட்கார்ந்தும் அவன் அதில் கண்டது வானமும் ஒரு மின்கம்பியும்தான். ஜன்னலின் கீழ் விளிம்பு அவ்வளவு உயரத்தில் இருந்தது.

"எதுத்த வீட்டு மொட்டமாடியில எவனோ கூண்டு கட்டிப் புறா வளக்கறான்டா," என்றான் என் காதுக்குப் பக்கத்தில்.

"எத்தன?" என்று அண்ணி தரையிலிருந்து கேட்டாள்.

அவன் எண்ணத் தொடங்கினான். அவை இடம் மாறி மாறி உட்கார்ந்தன போல. ஏழு என்றான், இல்லை என்றான், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். என் தொடை நடுங்கியது. உள்ளங்கை முதுகில் சூடாக அப்படியே இருந்தது.