தெருவுக்கு அடியில் பன்னிரண்டு கழுதைகள்

சான் பிரான்சிஸ்கோவில் முப்பத்தொரு வருஷம் கேபிள் காரில் பிடிக்காரனாக இருந்தேன். தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் இரும்புக் கயிற்றை வண்டியின் நடுவே நிற்கும் நெம்புகோலால் கவ்வினால் வண்டி ஏறும். விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். அவ்வளவுதான் வேலை. அதைக் கற்றுக்கொள்ள வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மீதி மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பொய் சொல்ல வராது. அவர்களும் நீடிக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் தினமும் இரண்டு தடவை ஏறி, ஓட்டுகிற பையன்களுக்கு அருகில் நின்று யோசனை சொல்லி வந்தேன். அவர்கள் நன்றியோடு என் மனைவி ரொசீனாவிடம் போய்ப் புகார் கொடுத்தார்கள்.

ரொசீனா ஃப்ரெஸ்னோவில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஃப்ரெஸ்னோவில் மேடு என்பதே கிடையாது. நடுத்தெருவில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போதும் அது அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் மனுஷன் எந்தப் பக்கம் சாய்வான்?

"இந்தா மனுஷா, ஒரே ஒரு தடவை," என்று பந்தயம் கட்டினாள். "கேபிள் கார்ல இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் வெளியூர்க்காரன் மாதிரி வாயை மூடிக்கிட்டு வந்து காட்டு. வந்துட்டேன்னா, செத்தாலும் இந்த ஊர்லயே சாவோம். ஒரு வார்த்தை பேசினியோ, ஃப்ரெஸ்னோதான்."

"தும்மலாமா?"

"தும்மலாம். அதுல பிரேக் பத்தி ஒண்ணும் வரக் கூடாது."

வெளியூர்க்காரன் என்றால் வரிசையிலும் நிற்க வேண்டுமாம். ஊர்க்காரன் எவனும் வண்டியைத் திருப்புகிற சுழல்மேடையில் வரிசை கட்ட மாட்டான். இரண்டு நிறுத்தம் மேலே நடந்து போய்த் தொற்றிக்கொள்வான். ஜூலை மாதப் பனிமூட்டத்தில், அரைக்கால் சட்டை போட்டு நீலம் பாரித்த சனங்களோடு ஒரு மணி நேரம் நின்றேன்.

வண்டியைக் கையால் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்த டெமெட்ரியஸ் என்னைப் பார்த்துவிட்டான். நான் தொழில் கற்றுக்கொடுத்த பயல்.

"லூப்பி அண்ணே! வரிசையிலயா நிக்கிறீங்க? வழி தெரியலையா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"ரொசீனாம்மா, இவருக்கு என்னாச்சு? வாய் இழுத்துக்கிச்சா?"

"வேண்டுதல்ப்பா," என்றாள் அவள்.

வண்டி ஏறியது. டெமெட்ரியஸ் மணியைத் தகரம் தட்டுகிறவன் மாதிரி அடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். கலிபோர்னியா தெருக் குறுக்கில் அந்தத் தெருவின் கயிறு மேலே போகும், நம்முடையது கீழே போகும். அதனால் அங்கே கயிற்றை விட்டுவிட்டு, உருண்டே கடக்க வேண்டும். அறுபத்தெட்டில் நான் ஒருமுறை விட மறந்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. பக்கத்து ஓட்டலின் இரண்டாம் மாடியில் ஒருவருடைய காலை உணவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். முட்டை நன்றாகவே இருந்தது.

டெமெட்ரியஸும் கயிற்றை விடாமல் போய்க்கொண்டே இருந்தான். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். கடைசி இமைப்பில் விட்டான். ரொசீனா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். இனி பயமில்லை என்று கைக்குட்டையை எடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஹைட் தெரு இறக்கம். கீழே வளைகுடா தெரிந்தது. பிரேக் கட்டை கருகும் வாசனை வந்தது. இன்னும் இரண்டு நிமிஷம்தான். பக்கத்தில் படிப்பலகையில் தொங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள், தன் பெயர் வெண்டல், ஊர் நெப்ராஸ்கா என்று சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"முதல் தடவையா பெரியவரே?"

தலையாட்டினேன்.

"கயிறு மோட்டாருல ஓடுதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. எழுபத்திரண்டுல எங்கப்பா இங்க வந்தப்போ, ஓட்டினவரே ரகசியமாச் சொன்னாராம். கீழ கழுதைங்க இழுக்குது. அப்பா சாகுற வரைக்கும் அதை நம்பினாரு. ஊரே சிரிச்சுது."

அந்த ஓட்டுநர் நான்தான். நெஞ்சு விம்மியது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. என் மன உறுதியை இன்றுவரை மெச்சிக்கொள்கிறேன்.

"நாப்பது கழுதை," என்றார் வெண்டல். "எல்லாம் சாதாக் கழுதைங்க."

"பன்னிரண்டு!" என்று கத்தினேன். "பன்னிரண்டுதான்யா! நாப்பதை நிறுத்த கீழ ஏது இடம்? முன்னால போறது பியாட்ரீஸ். அதுக்கு இடது கண்ணு தெரியாது. அதான் ஒவ்வொரு வளைவுலயும் வண்டி குலுங்குது!"

வெண்டலின் கண் கலங்கிவிட்டது. "அப்பா பொய் சொல்லலை," என்று என் கையைப் பிடித்து ஆட்டினார்.

ரொசீனா கைப்பையிலிருந்து ஒரு சணல் பந்தை எடுத்தாள். சாமான் கட்டுவதற்கு. காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

"பிரேக்குக்காகக் கத்தியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். கழுதைக்காகவா?"

ஃப்ரெஸ்னோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் திராட்சை பயிரிடுகிறவர், நல்ல மனுஷர். இந்த ஊரில் ஏன் ஒரு மேடுகூட இல்லை என்று அவருக்கு விளக்கியிருக்கிறேன். முன்பு பதினேழு மேடு இருந்தது. எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லட்டும். பதினேழை மட்டும் மாற்றாமல் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.