இலை தொடங்கும் இடம்

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு செடியைக் கையில் எடுத்ததும் பூவைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், இலை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இலை எது என்றுகூடவா தெரியாது? தெரியாது. வேப்பங்கொத்தில் இலை என்று நினைத்து நீங்கள் கிள்ளுவது இலையே இல்லை, சிற்றிலை. ஒரு நடுக்காம்பும் அதன் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஒரே ஓர் இலை. அதற்குக் கூட்டிலை என்று பெயர். சில மரங்களில் அந்த நடுக்காம்பே மறுபடி கிளைத்து, ஒவ்வொரு கிளைக்காம்பிலும் சிற்றிலைகள் வரும். அது இருமடிக் கூட்டிலை. பார்க்க ஒரு சின்னக் கிளை மாதிரி இருக்கும், ஆனாலும் அது ஒரே இலைதான். குழப்பம் தீர ஒரு வழி உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது. மொட்டு இருக்கும் இடத்தில்தான் இலை தொடங்குகிறது. இதற்கு எம்.எஸ்சி. வேண்டாம், கண் போதும்.

எனக்குக் கண்ணும் இருந்தது, எம்.எஸ்சி.யும் இருந்தது. வைத்துக்கொண்டு என்ன கிழித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். இப்போது பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் தள்ளி இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் கெஸ்ட் லெக்சரர். ஆறு வருஷமாக கெஸ்ட். ஆறு வருஷம் ஒரே வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளை யாராவது விருந்தாளி என்பார்களா? எங்கள் கல்லூரியில் சொல்வார்கள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். வனத்துறையோ போலீஸோ மருந்துக் கடையோ ஒரு செடியை அனுப்பி இது என்ன என்று கேட்டால், பார்ப்பது நான், எழுதுவது நான், கையெழுத்து மட்டும் துறைத்தலைவர் ஹரிநாராயணன் சாருடையது. அவர் கல்பாத்தியிலிருந்து ஒன்பதரைக்கு வந்து, நான் வைத்த தாளில் பேனாவை ஓட்டிவிட்டு டீ குடிப்பார். அனுப்பிய செடியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஆகஸ்டு முதல் வாரம் மலைப்பக்கத்து வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒரு கவர் வந்தது. லாரியில் போன மரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், அனுமதியில்லாமல் வெட்டக்கூடாத சந்தன வேம்பு என்று சந்தேகிக்கிறோம், உறுதி செய்து தரவும் என்று கடிதம். கூடவே நியூஸ்பேப்பரில் மடித்த ஒரு காய்ந்த இலை. அன்று என் மேஜையில் நூற்றுப் பத்து விடைத்தாள் கிடந்தது. நாலு மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று சார் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம். எல்லா வேலைக்கும் நான்தானா என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடே தாளைப் பிரித்தேன். நடுக்காம்பு, இரண்டு பக்கமும் சிற்றிலைகள், சிற்றிலையின் அடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, நுனிச் சிற்றிலை இல்லை. சந்தன வேம்பு என்று எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கடிதத்தில் இருந்த பெயரை முதலில் படித்துவிட்டு, அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி இலையைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த வேலை. காய்ந்து சுருண்ட விளிம்பை லென்ஸ் வைத்து விரித்துப் பார்க்கவில்லை. காம்பின் அடி கிளையிலிருந்து கழன்றதா, வேறெங்காவது ஒடித்ததா என்றும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு காலையில், முன்பின் தெரியாத ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் உரச்சாக்கு.

"ஏனுங்க, இங்க ஹரிநாராயணன் சாருங்கறது யாருங்க?"

"வகுப்புல இருக்காரு. நீங்க யாருக்கா?"

"எம்பேரு பூமாரிங்க. அகளிக்கு மேல இருந்து வாறனுங்க. மூணு பஸ்ஸு மாறி வந்தனுங்க." மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த தாளை நீட்டினார். நான் எழுதிய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ். "இத்த வெச்சுத்தானுங்க எங்கூட்டுக்காரரெப் புடிச்சு உள்ள போட்டாங்க. ரத்தினசாமின்னு பேருங்க. பதினோரு நாளாச்சு."

பிறகு சாக்கை அவிழ்த்தார். முழுக் கிளையை வெட்டிக் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்த ஒவ்வோர் இலையும் என் கை நீளத்துக்கு இருந்தது. நடுக்காம்பு கிளைத்து, அந்தக் கிளைக்காம்புகளில் சிற்றிலைகள். இருமடிக் கூட்டிலை. மலை வேம்பு. பிளைவுட்டுக்காக ஊர் ஊராக நட்டு வளர்க்கிற மரம். சந்தன வேம்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அவ்வளவுதான். சந்தன வேம்பின் இலை இருமடியாக இருக்கவே இருக்காது.

நடந்தது அப்போதுதான் விளங்கியது. ரேஞ்ச் ஆபீஸில் யாரோ ஒருவர், இவ்வளவு நீள இலை கவருக்குள் அடங்காது என்று ஒரு கிளைக்காம்பை மட்டும் ஒடித்து அனுப்பியிருக்கிறார். இலையின் ஒரு துண்டு தனியாக வந்தால் முழு இலை மாதிரியே இருக்கும். அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

"மேட்டுப்பாளையத்துல நாத்து வாங்கியாந்து நட்டதுங்க. எட்டு வருசமுங்க. மொத ரெண்டு வருசம் நாந்தான் கொடத்துல தண்ணி ஊத்துனேன். எங்க பட்டாக் காட்டுல நாங்க நட்ட மரத்தெ நாங்க வெட்டுனா, களவாணின்னு வெலங்கு போட்டு இட்டுட்டுப் போறாங்க. சந்தையில போறவன் வாறவனெல்லாம் மரத் திருடன் பொண்டாட்டிங்கறான். நாளைக்கு மறுபடி கோர்ட்டுல கேசு வருதுங்க. இந்தக் கடுதாசி இருக்கற வரைக்கும் ஜாமீனு கெடைக்காதுன்னு வக்கீலு சொல்லிப்போட்டாரு. இத்த எழுதுன மனுசனெ ஒருக்கா மொகத்துக்கு நேராப் பாக்கோணுமுங்க."

இத்தை எழுதின மனுஷி நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "உக்காருங்கக்கா, நான் போய்ப் பேசிட்டு வாரேன்" என்றேன். கோழை. இன்றைக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஹரிநாராயணன் சார் வகுப்பு முடித்துத் தன் அறையில் இருந்தார்.

"எப்சிபா, ஒக்காருங்கோ. என்ன, மொகமே செரியில்லை?"

"சார், ரேஞ்ச் ஆபீஸுக்குக் குடுத்த ரிப்போர்ட் தப்பு. அது மலை வேம்பு."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன். முழுக் கிளையும் வந்திருக்கு."

"அன்னிக்குச் சொன்னதும் நீங்கதானே?"

நியாயமான கேள்வி. தப்பு என்னோடதுதான், திருத்தி எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷமா ரிப்போர்ட்டுல ஒப்பு போட்டிண்டிருக்கேன். ஒரு கடுதாசி திரும்பி வந்ததில்லை, கேட்டேளா. இப்போ நானே தப்புன்னு எழுதிக் குடுத்தா பழசையெல்லாம் தோண்டுவா. அவா வக்கீல் வேற எக்ஸ்பெர்ட்டை வெச்சு நிரூபிக்கட்டும். பின்னே கோர்ட்டு எதுக்காக்கும் இருக்கு?"

"அதுக்கு மாசக்கணக்காகும் சார். அந்த ஆளு ஜெயில்ல கெடக்காரு."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"நாமதான் சார் உள்ள போட்டோம்!"

"மெல்லப் பேசுங்கோ."

"நீங்க கையெழுத்துப் போடலேன்னா நானே கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கேன்."

"என்னன்னு? அந்த ரிப்போர்ட்டில் உங்க பேரே இல்லையே. கோர்ட்டுக்கு நீங்க யாராக்கும்?" குரல் உயரவே இல்லை. "அடுத்த செமஸ்டர் கெஸ்ட் லெக்சரர் லிஸ்ட் என் மேஜைமேலதான் இருக்கு. அதையும் ஆலோசிச்சுக்கோங்கோ."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆறு வருஷம் இந்த மனிதரின் பெயருக்கு அடியில் என் கண்ணையும் மூளையையும் கொட்டியிருக்கிறேன். தப்பு வந்ததும் அதே பெயரை வைத்து என் வாயை அடைக்கிறார். வெளியே பெஞ்சில் ஒரு பெண் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறார், இவர் கண்ணாடி துடைக்கிறார்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் அவருக்கு முதலாமாண்டு லேபில். அவர் போன இரண்டாவது நிமிஷம் பூமாரியையும் கிளையையும் இழுத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். இருபத்திநாலு பிள்ளைகள். கல்லூரிக்கு வந்து ஒரு மாதம் ஆனவர்கள். கிளையை அவர் முன்னால் மேஜைமேல் போட்டேன். மழைத்தண்ணி அவர் நோட்டில் தெறித்தது.

"எப்சிபா, இது என்ன?"

"அதைத்தான் சார் கேக்கப் போறேன். ஜிஸ்மி, எந்திரிச்சு வா. இதுல இலை எது?"

நெல்லியாம்பதி தோட்டத்துப் பிள்ளை ஜிஸ்மி பயந்துகொண்டே வந்தாள். முதலில் ஒரு கிளைக்காம்பைத் தொட்டாள். அதன் கக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டு நடுக்காம்பு வழியாக விரலைக் கீழே கீழே இறக்கி, கிளையோடு சேரும் இடத்தில் நிறுத்தினாள்.

"மொட்டு இங்கதான் மேடம் இருக்கு. அப்ப இது மொத்தமும் ஒரே இலை."

"மேலே தொட்டியே, அது?"

"அது இலை இல்ல மேடம். அதுல மொட்டு இல்ல." பிறகு சாருடைய பக்கம் திரும்பி, ஒன்றும் அறியாமல் கேட்டாள். "சார், இது என்ன மரம்?"

பூமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இலையைக் கையில் எடுத்தார். முப்பது வருஷம் பாடம் நடத்திய கை. விளிம்பைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மலை வேம்பு" என்றார்.

கையில் இலையை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பொய் சொல்ல அவரால் முடியவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது என்று எழுத மாட்டேன். வரவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அதே கையில் அந்தத் துண்டை எடுத்திருந்தால் போதுமே என்ற ஆத்திரம்தான் வந்தது.

பதினைந்து நிமிஷத்தில் புது ரிப்போர்ட் தயாரானது. முன்பு வந்தது இலையின் ஒரு பகுதி மட்டுமே, முழுக் கிளையைப் பார்த்ததில் இது மலை வேம்பு, முந்தைய ரிப்போர்ட் தவறு என்று எழுதினேன். அவர் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். செமஸ்டர் லிஸ்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

பூமாரியோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். குடையை அவர்மேல் பிடித்தேன். அவர் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மடியில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், நீங்க நல்லா இருக்கோணுமுங்க. அவரு வெளிய வந்ததும் இட்டுட்டு வந்து உங்க கால்ல உழச் சொல்றனுங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, மொத ரிப்போர்ட்டையும் எழுதுனது நான்தான்."

பிடித்த கை அப்படியே நின்றது.

"அந்த சார் கையெழுத்து மட்டும்தான். அவரு பாக்கவே இல்ல. பாத்தது நான்."

"பாத்துத்தான் எழுதுனீங்களா?"

"சரியாப் பாக்கலக்கா."

"தெரியலைன்னு எழுதியிருக்கலாமில்லீங்க?"

"எழுதியிருக்கலாம்."

கையை விட்டுவிட்டார். குடையை விட்டும் விலகி நின்றார். மழை அவர் தலையில் இறங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெனமும் காத்தால அந்த ஹரிநாராயணன் நாசமாப் போகோணும்னு சொல்லிப்போட்டுத்தான் எங்கூட்டுக்காரரு ஜெயில்ல வாயில தண்ணியே ஊத்தறாரு. நானும் பதினோரு நாளா வெளக்கு வெச்சு அத்தயேதான் வேண்டிக்கிட்டேன். ஆளு தப்பாப் போச்சு." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "உங்க பேரு என்ன?"

"எப்சிபா."

"தமிழ்ல எழுதிக் குடுங்க. அவருகிட்டச் சொல்லோணும்."

பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுதினேன். வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பாலக்காட்டு பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதாவது சரியா?"

சரிதான் என்றேன்.