சொட்டுவது தண்ணீர்தான்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூலில் 'பிரேக் மாஸ்டர்' என்றால்தான் தெரியும். கட்டிய மனைவிக்கு மட்டும் அவரால் கற்றுக்கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் முயன்று பார்த்தார்கள். தெருமுனை திரும்புவதற்குள் சண்டை முற்றி, அவள் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பின் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை துவண்டது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், வேறொரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்ததுதான். இப்போது தினமும் காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாலு தெரு தள்ளியிருக்கும் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு அவளே ஓட்டிப்போகிறாள். இரண்டாவது கியருக்கு மேல் போட்டதில்லை. அவர் வாய் திறக்கமாட்டார்; கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

அதைத் தவிர அவர் எங்கும் வருவதில்லை. போனால் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள், பதில் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்குக்கூட வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

ஒருநாள் காலை வண்டியைக் கிளப்பிவிட்டு கேட்டைத் திறக்கப் போனவள், சைலன்சர் குழாய் நுனியிலிருந்து என்னவோ சொட்டுவதைப் பார்த்தாள். கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருந்தது. மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்ஜினுக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு போலம்மா. எங்க மச்சான் வண்டி இப்படித்தான் ஆரம்பிச்சுது, அதோட சரி. ஓடுறப்பவே யார் தலையிலயாவது கட்டிருங்க."

வண்டியை விற்பதைப் பற்றிக் கணவரிடம் எப்படிப் பேசுவது? கையும் போய், பேச்சும் போய், இதுவும் போகிறதென்றா? மறுநாளிலிருந்து அவர் படியிறங்கி வருவதற்கு முன்பே ஒரு பழைய துணியால் துடைத்துவிட ஆரம்பித்தாள். ஆனால் காலமெல்லாம் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தே பழகிய கண்ணை எத்தனை நாள் ஏமாற்றுவது? ஒருநாள் அவரை உட்காரவைத்த பிறகும் குழாய் சொட்டியது. அவள் பின்னால் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைத்தடியை ஊன்றி அவரே வந்து நின்றார்.

"என்ன... அது?"

"ஒண்ணுமில்லீங்க, மழைத்தண்ணி."

அவர் வெயிலை நிமிர்ந்து பார்த்தார். "மழை... எங்க?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாடிவீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டாள்.

அவர் கைத்தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, பம்பரைப் பிடித்தபடி மெல்லக் குனிந்தார். "ஐயோ, விழுந்துடுவீங்க" என்றவள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இடது கை விரலில் ஒரு சொட்டை ஏந்தினார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், வழுக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு விரலை அவள் மூக்கருகே நீட்டினார்.

"இனிப்பு வாசனை... வருதா?"

"இல்லீங்க. லேசாப் புகை வாசனைதான்."

அவள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விழச் செய்தார். நிறமே இல்லை. இன்ஜினை அணைத்து பானட்டைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டரின் துணைத்தொட்டியில், கசிந்தால் இனிப்பு வாசனை வீசும் பச்சைத் தண்ணீர் கோட்டுக்குச் சரியாக நின்றது. ஆயில் பார்க்கும் கம்பியை அவளே உருவிக் காட்டினாள். உள்ளே தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்டதுபோல் வெளுத்திருக்கும். இது தெளிவாக இருந்தது. அவர் முகமும் தெளிந்தது.

"சூடு..." என்றார். அடுத்த சொல்லுக்காக உதடு துழாவியது. 'அதிகமாயிடுச்சா' என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எடுத்துக்கொடுக்காதீர்கள், அவரே தேடட்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"...பத்தல. கிட்டக்கவே... போனா, குழாய்... காயாது."

நல்லவேளை, எடுத்துக்கொடுத்திருந்தால் தப்பாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "அப்போ கோளாறு இல்லையா?"

"வெறும்... தண்ணி. தூரம்... போகணும்."

சொன்ன பிறகு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல அவர் நின்றார்.

"தூரமா எல்லாம் எனக்குத் தனியாப் போகத் தெரியாது. கூட வந்தா ஓட்டறேன்" என்றாள் அவள்.

அவர் கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வேற... சட்டை."

மகள் வீட்டுப் பக்கம் போகும் பெரிய சாலையில் ஏறியதும் அவள் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பற்றின. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. "விடு, அவன்... போகட்டும்" என்றார் அவர். லாரி போனது. அவர் நாலு விரலைக் காட்ட, அவள் நாலாவது கியரைப் போட்டாள். வண்டி மூச்சு வாங்காமல் ஓடியது. திட்டு விழும் என்று வழியெல்லாம் காத்திருந்தாள், ஒன்றுகூட விழவில்லை.

ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே இறங்கிப்போய்ப் பார்த்தாள். குழாயிலிருந்து அனல் மட்டும் வந்தது. தரை காய்ந்தே கிடந்தது. நிமிர்ந்தபோது அவர் கைத்தடியோடு கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு... டீ" என்றார் அவர்.

"சர்க்கரை எப்படிங்க?"

கடைக்காரருக்கு அவசரமே இல்லை. கரண்டியைப் பிடித்தபடி, அவர் சொல்லும்வரை நின்றார்.

"அவளுக்கு... கம்மி."

அவள் சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து பாதி டீயைக் குடித்த பிறகு கேட்டாள்.

"குழாய் காஞ்சிடுச்சு. திரும்பிடலாமாங்க? பொண்ணு வீட்டுக்கு இன்னும் இதே அளவு தூரம் போகணும்."

அவர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எதிரே பழக்கடையை இடது கையால் காட்டினார்.

"பொண்ணு வீட்டுக்கு... வெறுங்கையோட... எப்படிப் போறது?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.