எதிர்க்கடைப் பெட்டி

மாரிவிக் எதிர்க்கடைக்குள் போனது முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான். திருடப் போகவில்லை, பாவம். எலுமிச்சை வாங்கப் போனாள்.

குவைத்தில், சால்மியாவின் அந்தச் சந்தில் பெர்லிட்டா அக்காவின் மளிகையை விட்டுவிட்டு வேறிடத்தில் வாங்குவது திருட்டுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். எங்கள் பிலிப்பைன்ஸ் ஆட்களுக்கு வாடிக்கை என்றால் பாதிக் கல்யாணம். கடைக்காரி நல்ல சரக்கை நமக்கென்று ஒளித்து வைப்பாள், கொசுறு போடுவாள். பதிலுக்கு நாம் வேறு வாசல் மிதிக்கக் கூடாது. குவைத்தில் வந்து இறங்கிய நாள் முதல் மாரிவிக் பெர்லிட்டாவின் வாடிக்கை. ஆனால் இன்று அறைத்தோழிக்குப் பிறந்தநாள். பன்சித் கிளற வேண்டும். அந்த நூடுல்ஸில் கோலிக்குண்டு அளவு கலமன்சி எலுமிச்சையைப் பிழியாவிட்டால் அது பன்சித்தே இல்லை. பெர்லிட்டா நேற்றே கையை விரித்துவிட்டாள். "ப்ளேன்ல சரக்கு வரலடி. அடுத்த வாரம் பாப்போம்."

இன்று திறந்த புதுக்கடையில் மட்டும் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தது.

ஒரு கைப்பிடி எலுமிச்சையோடு ஓடி வந்துவிடத்தான் நினைத்தாள். விட்டால்தானே! வாழைப்பூ, காய்ந்த கணவாய், ஊதா வள்ளிக்கிழங்கு ஐஸ்கிரீம், ஊரில் தெருமுனையில் விற்கிற அதே வறுகடலை. எதைத் தொடுவது எதை விடுவது என்று தெரியாமல் கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் மேலாளர் ரொடெல் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"முதல் பரிசு, இந்தப் பெட்டி! ஒரு பாட்டு ஓடி முடியறதுக்குள்ள கடைல எதை வேணா அள்ளிப் போடுங்க! கிறிஸ்துமஸுக்குள்ள கப்பலேறி உங்க ஊர் வாசலுக்குப் போயிடும்!"

இடுப்பளவு உயர அட்டைப்பெட்டி. மாரிவிக்கால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் கட்டிலோரத்திலும் அப்படி ஒரு பெட்டி நின்றது. வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு அனுப்புவது எல்லோர் வழக்கமும். போன வருஷம் அவள் வேலை பார்த்த அழகு நிலையம் மூடிக் கிடந்ததில் பெட்டி போகவில்லை. சரக்கு வண்டி தெருவுக்குள் வரும்போதெல்லாம் சின்ன மகன் ஒன்யோக் வாசலுக்கு ஓடினானாம். பிள்ளைகளை வளர்க்கும் தங்கை இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாரிவிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருஷப் பெட்டியிலும் இதுவரை விழுந்தது கொஞ்சம் சோப்பும் ஒரு துண்டும்தான்.

"சீட்டுல பேர் எழுதிப் போடுங்கக்கா" என்றாள் கல்லாப் பெண். சீட்டுப் போடும் குடம் கண்ணாடி. வருகிற போகிறவர்களெல்லாம் உள்ளே இருக்கும் பேர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எவளாவது பார்த்துவிட்டு பெர்லிட்டா காதில் போட்டுவிட்டால்? மாரிவிக் பேனாவை எடுத்தாள். சட்டென்று 'பெர்லிட்டா மக்சினோ' என்று எழுதிப் போட்டுவிட்டாள். செய்த துரோகத்துக்குப் பரிகாரம் மாதிரி மனசுக்கு லேசாகக்கூட இருந்தது. இவளுக்கு எந்தக் குலுக்கலில் என்ன விழுந்திருக்கிறது, இதில் விழ?

எலுமிச்சையைக் கைப்பையின் அடியில் புதைத்துக்கொண்டு நூடுல்ஸ் வாங்க பெர்லிட்டாவிடம் போனாள்.

"வாடி என் தங்கமே!" பெர்லிட்டா மூட்டுவலியோடு ஸ்டூலை விட்டு எழுந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "பாத்தியா, பலூன் கட்டி ஆள் பிடிக்கிறானுங்க. நம்ம ஜனமும் வெக்கமில்லாம உள்ள போகுது. ஒருத்தி மாஸ்க் போட்டு, கறுப்புக் கண்ணாடி வேற. பெரிய சினிமாக்காரி!"

"யா... யாருக்கா அது?"

"எவளோ. அத விடு." பெர்லிட்டா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "கலமன்சி. எங்க நாத்தனாகிட்ட கெஞ்சி வாங்கினேன். உனக்கு மட்டுந்தான், வெளிய சொல்லிடாத."

மாரிவிக்குக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது.

"முதல் பரிசு... பெர்லிட்டா மக்சினோ! மூணு தடவை கூப்பிடுவோம், வரலேன்னா வேற சீட்டு!"

பெர்லிட்டாவின் முகம் சிவந்தது. "எவன்டா அவன் என் பேரை ஏலம் விடறவன்? நான் அங்க போயி சீட்டுப் போட்டேனா? ஊர் சிரிக்கத்தானே இப்படிப் பண்றான்!"

"அக்கா..." மாரிவிக் கைப்பையைக் கல்லாமேல் கவிழ்த்தாள். புதுக்கடை எலுமிச்சைகள் உருண்டோடின. "நான்தான் எழுதிப் போட்டேன்."

பெர்லிட்டா எலுமிச்சையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். "அப்போ அந்த மாஸ்க்?"

"நான்தான்."

"கண்ணாடி?"

"அதுவும்தான்க்கா."

இரண்டாவது அழைப்பு வந்தது. மாரிவிக்குக்கு அழுகை பீறிட்டது. "ஆசைப்பட்டுட்டேன்க்கா. போன வருஷம் பெட்டி போகல, ஒன்யோக் வாசல்லயே நின்னுருக்கான். ஆனா நீங்க அங்க போக வேணாம். விட்டுடுங்க. எனக்கு வேணாம்."

பெர்லிட்டா உருண்ட எலுமிச்சை ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "நல்ல சரக்குதான் போட்டிருக்கான், பாவி" என்றாள். பிறகு ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள். "என்னடி மசமசன்னு நிக்கிற? நடடி!"

கடையைத் திறந்து போட்டுவிட்டு பெர்லிட்டா அக்கா எதிர்க்கடைக்குப் போவதைத் தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. ரொடெல் மூன்றாம் முறை வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீ... நீங்களா?"

"பேர் பெர்லிட்டா மக்சினோ. அடையாள அட்டை பாக்கணுமா? பாட்டைப் போடு தம்பி!"

பாட்டு தொடங்கியது. மூட்டுவலி எங்கே போனதோ, பெர்லிட்டா பாய்ந்தாள். கூட்டம் விசில் அடித்தது. "பெட்டியைத் தள்ளிட்டு வாடி! கனம் எல்லாம் அடில!" டின் இறைச்சி சரசரவென்று அடுக்கு அடுக்காக விழுந்தது. மாரிவிக் அரிசிமாவுப் பொட்டலத்தில் கை வைத்ததும் ஒரு அதட்டல். "அத விடு, மலிவு! அந்தக் காப்பித் தூளை எடு! பால்பவுடர், பெரிய டப்பா!" எதில் எவ்வளவு லாபம் என்று அவளுக்கா தெரியாது? எதிரியின் கடையைத் தெருவே கைதட்டக் கொள்ளையடிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இடுக்குகளில் ஷாம்பூப் பைகளைச் செருகினாள்.

"சின்னவனுக்கு என்னடி பிடிக்கும்?"

"சாக்லேட் பிஸ்கட்!"

"எந்த வரிசைடா தம்பி பிஸ்கட்டு?"

ரொடெலும் தன்னை மறந்து கை நீட்டினான். மாரிவிக் ஓடினாள். மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. பிஸ்கட்டுகளைக் கை நிறைய வாரிக் கொட்டியதும் பாட்டு நின்றது.

"அக்கா, உங்க ஊர் விலாசம்?" ரொடெல் ஈனசுரத்தில் கேட்டான்.

பெர்லிட்டா அவன் கையிலிருந்த மார்க்கரை வாங்கினாள். மாரிவிக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்யோக்கின் பேர், தங்கை வீட்டு விலாசம், படங்காஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போன பெட்டிகளை எல்லாம் கட்டிக் கொடுத்தவள் அவள்தானே.

"டேப் ஒட்டாத, இரு." நொண்டி நொண்டித் தன் கடைக்குப் போய் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு திரும்பினாள். விரல் நுழையாத பெட்டியில் அதை மேலாக அழுத்தித் திணித்தாள்.

"பாட்டு முடிஞ்சுபோச்சேக்கா..."

"இது என் கடைச் சரக்கு. கொசுறு. பிரிச்ச உடனே புள்ளை கையில முதல்ல இதுதான் வரணும்."

ரொடெல் டேப்பை ஒட்டினான். இந்த வருஷம் வண்டி அந்த வாசலில் நிற்கும். மாரிவிக் கண்ணைத் துடைத்துப் பார்த்தாள், முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வந்துட்டா சினிமாக்காரி" என்று பெர்லிட்டா அவளைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.