நீக்கியதை மட்டும் கேள்

"இப்பக் கேளு. இது பெரிய மண்டபம்," என்றான் அவன்.

ஹெட்போனுக்குள் அவளுடைய வாக்கியம் மறுபடியும் எழுந்தது. 'பஞ்சு உங்கள் ஆலையில் நூலாகிறது. தூசி எங்கள் நெஞ்சில் குடியேறுகிறது!' காலையிலிருந்து அதே வாக்கியம்தான். முதலில் அது குகைக்குள்ளிருந்து வந்தது. பிறகு குளியலறைக்குள்ளிருந்து வந்தது. இப்போது ஆளில்லாத ஒரு மண்டபத்தின் கூரையில் மோதித் திரும்பி வந்தது. ஒலிப்பதிவு மென்பொருளோடு ஒட்டவைத்துக் குரலைத் திருத்தும் சின்னச் சின்ன மென்பொருள்களைப் பிளகின் என்பான் அவன். சோதனைக்கென்று இலவசமாகத் தரப்பட்டவற்றையெல்லாம் இறக்கித் திரையில் வரிசையாக அடுக்கியிருந்தான். எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வதற்காகத்தான் விடுமுறை நாளில் அவளை நாற்காலி போட்டு அருகில் உட்காரவைத்திருந்தான். ஜன்னலை மறைத்து மெத்தை நின்றது. சுவரெங்கும் பழைய போர்வைகள். தட்டுகளைக் கழற்றிவிட்டு ஓர் ஆள் நிற்கும்படி செய்திருந்த துணி அலமாரிதான் பதிவறை. அதிலிருந்து இன்னும் அந்துருண்டை வாசனை போகவில்லை.

"அடுத்தது தகரக் கொட்டகை."

"நான் பேசினதெல்லாம் தகரக் கொட்டகையிலதானே? அதை எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?"

"சரி, அது வேண்டாம். இது கேட். சின்னச் சின்னச் சத்தத்தை உள்ள விடாது. குரல் ஓங்குனாத்தான் கதவைத் திறக்கும்."

"எங்க ஆலை கேட்டுக்கு நேர் எதிர். அங்க வாயைத் திறக்காதவங்களைத்தான் உள்ள விடறான்."

"இது கம்ப்ரஸர். கத்தினா அமுக்கும். முணுமுணுத்தாத் தூக்கி விடும்."

"அமுக்குறதுக்கு மேஸ்திரி இருக்கான். தூக்கி விடத்தான் ஆள் இல்ல."

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்ததை அவள் கவனித்தாள். சில நாள்களாகவே அவனுடைய ஒவ்வொரு அசைவையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். வரிசையின் கடைசியில் இருந்த பிளகினுக்குச் சுட்டி வந்ததும் அவன் கை சற்றுத் தயங்கி மேலே போய்விட்டது.

"அது என்ன, கடைசியில?"

"அதுவா? ஒண்ணுமில்ல. தூசி தட்டுறது."

குரலோடு சேர்ந்து பதிவாகிற வேண்டாத சத்தங்களுக்கெல்லாம் அவன் வைத்திருந்த பெயர் தூசி. விசிறியின் முனகல் தூசி, தெருவில் போகும் வண்டி தூசி, காகிதம் திருப்பும் ஓசை தூசி. தூசியைத் தட்டிவிட்டேன் என்பான். நூற்பாலையில் வேலை செய்கிற மனைவியிடம் அந்தச் சொல்லை இத்தனை இலேசாகச் சொல்லிவிடுகிறானே என்று முன்பெல்லாம் அவள் சிரித்ததுண்டு.

ஆலையில் அவளுக்கு 'இடி அக்கா' என்று பெயர். அவள் பேசினால் நூல் சுற்றும் கதிர்களின் இரைச்சல் அடங்கிவிடும் என்று தோழியர் பெருமை பேசுவார்கள். தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்தும் வரையில் வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுக்கத் தொழிலாளர் கூட்டம் ஒன்று வரும் ஞாயிற்றுக்கிழமை கூடவிருந்தது. வாயிற் கூட்டத்துக்குத் தடை. துண்டறிக்கை கொடுத்தால் காவலாளி பிடுங்கிக் கிழித்தான். பேச்சைக் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்புவது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அஞ்சிக் கிடக்கும் கைகள் கூட்டத்தில் உயர வேண்டுமானால், அதற்கு முன்னரே அந்தக் குரல் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து அவர்களை உலுக்கியிருக்க வேண்டும். உலுக்காத பேச்சு போனாலென்ன, போகாவிட்டாலென்ன?

அவனை அவள் சந்தித்ததும் ஒரு கூட்டத்தில்தான். நடுப்பேச்சில் ஒலிபெருக்கி செத்துப்போக, "மைக்செட் அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று மேடையிலிருந்தே கேட்டாள். கூட்டம் சிரித்தது, அவன் கம்பியைக் கடித்துச் சீவியபடி ஓடிவந்தான். மணம் முடிந்த பின்னும் தோழியர் விடவில்லை. "உலகத்துலேயே புருஷனை அண்ணேன்னு கூப்பிட்டுக் கட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான்" என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். யாரும் யாருக்கும் மேலில்லை, ஒருவரையொருவர் நீ என்றே அழைப்போம் என்று அன்றைக்கே பேசி முடிவு செய்தவர்கள் அவர்கள். அவளுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு சட்டைப்பை கூட இருந்ததில்லை.

போன வாரம் வரையில்.

போன வாரம் அவள் அலமாரிக்குள் நின்றுகொண்டிருந்தாள். வெளியிலிருந்து அவளோடு பேசுவதற்கு அவன் மேசைமேல் ஒரு சிறு மைக்கும் பொத்தானும் உண்டு. அழுத்தினால் அலமாரிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவன் பேசுவது அவள் ஹெட்போனில் கேட்கும். அன்றைக்கு அவன் அதை அணைக்க மறந்துவிட்டான். கைப்பேசி ஒலித்தது, அவன் எடுத்தான். தாழ்ந்த குரலில், அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "சரிங்க சார். நான் பாத்துக்கறேன். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க சார்."

யார் அந்தச் சார்? இரண்டு மாதங்களுக்கு முன் ஆலை நிர்வாகம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தது. 'முகக்கவசம் அணிவீர், உடல்நலம் காப்பீர்' என்று வேளைக்கு வேளை ஒலிபெருக்கியில் முழங்கும் அறிவிப்பு அவன் பதிவு செய்து கொடுத்ததுதான். அதற்காக நிர்வாக அலுவலகத்துக்குப் போய் வந்தான். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும், போய் வா என்று அனுப்பியவளும் அவளே. இயந்திரம் பொருத்த மனமில்லாத நிர்வாகம், ஒரு துண்டுத் துணியையும் ஒரு வாக்கியத்தையும் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறது என்று அவள் பேச்சில் ஓர் இடம் உண்டு. அந்த வாக்கியத்தைப் பதிந்த கைகள்தாம் இப்போது அவளுடைய வாக்கியத்தையும் திருத்திக்கொண்டிருந்தன.

முதலாளியை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவள், காவலாளியின் தடியைப் பிடித்து நிறுத்தியவள், ஒரு வாரமாகத் தன் வீட்டுக்குள் ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் அல்லவா?

நண்பகலில் ஆலைத் தோழி வந்தாள். ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால் அவளுக்கு நூல்கண்டு என்று பெயர் வைத்தவர்கள் நூல்கண்டையே பார்த்திராதவர்களாக இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மைக்செட் அண்ணே, எங்க இடி மழையாப் பெஞ்சாச்சா?" என்றாள். அவன் பேச்சு முழுவதையும் ஒலிபெருக்கியில் ஓடவிட்டான். கேட்டு முடித்த நூல்கண்டு தன் விரல்களைப் பார்த்தபடியே பேசினாள்.

"நல்லா இருக்குண்ணே. ரேடியோல வர்ற மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன?"

"யாரோ குளுகுளு ரூம்ல உக்காந்து, நோகாமப் பேசற மாதிரி இருக்கு. இது அக்கா குரல்தான். ஆனா அக்கா இல்ல."

"பழகாத காது. சுத்தமா இருந்தா அப்படித்தான் தோணும்," என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பியை மாற்றி வாங்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கதவு சாத்தியதும் நூல்கண்டு அருகில் வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் மறுபடியும் ஆபீஸ் பக்கம் வந்தாராமே? அறிவிப்பு வேலைதான் முடிஞ்சு போச்சே?"

"யாரு சொன்னது?"

"பாத்தவங்க சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சாமி. எனக்கு வேலை இருக்கு," என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் கணினிக்கு முன் உட்கார்ந்தாள். கதிர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திரையில் ஓடும் கோடுகள் ஒன்றும் புதிரல்ல. அறுந்த இழை எது என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடியவள், தன் குரலின் படத்தில் ஆங்காங்கே வெட்டி எடுத்ததைப் போல் வெறுமையாகக் கிடந்த இடங்களைக் கண்டாள். வரிசையின் கடைசிப் பிளகினைத் திறந்தாள். பெரிய திருகு ஒன்று. அது முழுக்கத் திருகிவிடப்பட்டிருந்தது. அதனருகில் காது படம் போட்ட சிறு பொத்தான். அது எதற்கென்று அவன் ஒருநாள் யாருக்கோ விளக்கியதை அவள் கேட்டிருந்தாள். நீக்குகிற கருவி எதை நீக்குகிறது என்று சரிபார்ப்பதற்காக அந்தப் பொத்தான். அழுத்தினால் நீக்கியதை மட்டும் கேட்கலாம்.

அழுத்தினாள்.

பேச்சு இல்லை. சொல் இல்லை. முதலில் ஒரு மூச்சு, நீளமாக, கிழிந்த துணியின் வழியே காற்று நுழைவதைப் போல். பிறகு அலமாரிக் கதவில் அவள் முட்டி இடித்த ஓசை. பிறகு ஓர் இருமல். அவள் திடுக்கிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டதாகத்தான் அவளுக்கு நினைவு. இது செருமல் இல்லை. அடியாழத்திலிருந்து எதையோ இழுத்து வர முயன்று, இழுத்து வர முடியாமல் தோற்றுத் திரும்பும் இருமல். மறுபடியும் மூச்சு. மறுபடியும் இருமல். எல்லாரும் இருமும் ஆலைக் கூடத்தில் யாருடைய இருமலும் இருமலாகக் கேட்பதில்லை. கைதட்டலுக்கு நடுவில் அவளுடையதும் கேட்டதில்லை. எந்தத் தூசியைப் பற்றி இடியாக முழங்கினாளோ, அந்தத் தூசி அவளுக்குள்ளிருந்தே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. சாட்சியைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தான் அவன். யாருக்காக?

கம்பியோடு அவன் திரும்பி வந்தபோது அறை முழுவதும் ஒலிபெருக்கியில் அவள் இருமிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அதை ஏன் திறந்த?"

"என் பேச்சுலேருந்து என்னைய வெளிய எடுத்துட்டியே, எங்க போட்டேன்னு பாக்கலாமேன்னு திறந்தேன். யாரு அந்தச் சார்?"

"எந்தச் சார்?"

"'அவகிட்ட மூச்சு விடாதீங்க சார்.' மைக்கை அணைக்க மறந்துட்ட, மைக்செட்டு."

அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். கம்பியை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடியும் சுற்றினான்.

"டாக்டர்," என்றான். "தினமும் ஹெட்போன் போட்டு உன்னக் கேக்கறவன் நான். ரெண்டு மாசமா அது கூடிக்கிட்டே போகுது. உன்கிட்ட சொன்னா நீ கேப்பியா? கூட்டம் முடியட்டும்ப. அதான், இருமலை மட்டும் தனியாப் பிரிச்சு டாக்டருக்கு அனுப்பினேன். இது என்ன இருமல்னு கேட்டேன்."

அவளுக்குள் ஏதோ ஒன்று இளகியது. இளகியதை அவள் நம்பவில்லை.

"எந்த டாக்டர்?"

அவன் கம்பியை மேசைமேல் வைத்தான்.

"எந்த டாக்டருன்னு கேட்டேன்."

"அந்த அறிவிப்பை எழுதிக் குடுத்தாரே, அவருதான். எனக்கு வேற எந்த டாக்டர் நம்பர் தெரியும்?"

"ஆலை டாக்டர்."

"நல்ல மனுஷன்டி. அக்கறையாத்தான் பேசினாரு. நேர்ல கூப்பிட்டு விசாரிச்சாரு."

"அக்கறையா என்ன சொன்னாரு?"

"ஓய்வு எடுக்கணுமாம். பேச்சைக் குறைக்கச் சொன்னாரு."

"பேச்சைக் குறைக்கச் சொன்னாரா? தூசியைக் குறைக்கச் சொல்லலியா?"

அவன் தலை நிமிர்ந்தது. அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்குவதை அவள் பார்த்தாள். இறங்கியதா, இல்லை, இறங்கியதைப் போல் முகத்தை வைத்துக்கொண்டானா? கண்ணின் ஓரத்தில் ஈரம் இருந்தது. ஆனால் திரைகளையே பார்க்கிறவனின் கண்ணில் எப்போதும்தான் ஈரம் இருக்கிறது. வேலைக்குத் தகுதியில்லை என்று சீட்டு எழுதி அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த இருமல் ஒன்றுதான். அவள் காதுக்கு எட்டும் முன்பே அது அவர்கள் காதுக்குப் போய்விட்டது. அறியாமல் அனுப்பினானா, அறிந்தே அனுப்பினானா? அன்பினால் ஒருவன் செய்வதும் காசுக்காக ஒருவன் செய்வதும் கடைசியில் ஒரே பொத்தானை அழுத்துவதாகவா இருக்க வேண்டும்?

"நான் கெட்டது நினைச்சுச் செய்யல," என்றான்.

"நினைச்சுச் செஞ்சியா, நினைக்காமச் செஞ்சியான்னு தெரியாமத்தான் நிக்கறேன். என் மூச்சைக் கேக்கற முதல் ஆள் நானா இருந்திருக்கணுமா, வேண்டாமா?"

அவன் சுட்டியை எடுத்தான். "இப்ப என்ன செய்யணும், சொல்லு. எதை வைக்கட்டும்?"

"எதையும் வைக்காத. மண்டபம், கேட்டு, அமுக்குறது, தூக்குறது, அத்தனையும் அணைச்சுடு. நான் மறுபடியும் முதல்லேருந்து பேசறேன்."

"இருமினா?"

"இருமினா அதுவும் போகும். அதிகாரிகளுக்குப் போனது எங்க ஆளுங்களுக்குப் போகக் கூடாதா?"

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்துருண்டை வாசனை. போர்வைகள் உலகத்தின் சத்தமனைத்தையும் விழுங்கிவிட்ட பின் எஞ்சியது அவளுடைய மூச்சு மட்டும்தான். இப்போது அதைக் கேட்காமலிருக்க அவளால் முடியவில்லை. ஹெட்போனை மாட்டினாள். ஒருமுறை இருமினாள். யாரிடமும் மறைக்காமல், வாயைக் கையால் பொத்தாமல், மைக்குக்கு நேராக.

தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டானா, அணைக்காமல் விட்டிருக்கிறானா? பேசத் திறந்த வாயோடு அவள் நின்றாள். ஹெட்போனுக்குள், இரண்டு காதுகளுக்கும் நடுவில், கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனின் மூச்சு ஏறுவதும் இறங்குவதும் மிக அருகில் கேட்டது. அதிலிருந்து எதுவும் நீக்கப்பட்டிருக்கவில்லை.