வாசல் அவர்களுடையது

அவள் உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. ஆனால் முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான பேர் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். காரணம் அவளுடைய நாத்தனார். உதவி கேட்டு யார் போன் செய்தாலும், "இருங்க, அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். கேட்டவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தாடி நரைத்த மனிதர்கள்கூட "அண்ணி இருக்காங்களா?" என்று விசாரிக்கும்போது அவளுக்குச் சிரிப்பாக இருக்கும்.

நாத்தனாருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்து தெரியாது. வாய் மட்டும் ஓயாது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். ஒருநாள் இருமல் மருந்து என்று நினைத்துக் காதுக்கு விடும் மருந்தைக் குடிக்கப் போனாள். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அன்றைக்குப் பிறந்ததுதான் 'படிச்சுச் சொல்' என்ற செயலி. போனை எதன் முன்னால் காட்டினாலும் அதில் இருக்கும் எழுத்தை உரக்கப் படிக்கும். மருந்து அட்டை, பஸ்ஸின் பெயர்ப் பலகை, கரண்ட் மீட்டர், எதுவானாலும் சரி.

அண்ணி அதை எழுதினாள். நாத்தனார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, எங்கெங்கே உளறுகிறது என்று வந்து சொன்னாள்.

"அண்ணி, 'திறக்காதே'ல பாதிய முழுங்கிட்டு 'திற'ன்னு மட்டும் படிக்குது. நானும் திறந்துட்டேன். உள்ள ஒரு டாக்டர், சட்டை போடாத ஒரு நோயாளி."

"நீ என்ன பண்ணின?"

"எனக்கு ஒண்ணும் தெரியல, கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய ஆபீஸ். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போது மேலே பேச்சு நின்றுவிடும். ரப்பர் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. ஆனாலும் அந்த இரண்டு மேஜைகளிலிருந்து போன செயலி எங்கெங்கோ யார் யாருக்கோ மருந்து அட்டை படித்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஊரில் பெரும்பாலோர் கையில் இருந்தது ஒரே கம்பெனியின் போன். அந்தப் போனுக்குள் எந்தச் செயலி போக வேண்டுமானாலும் அந்தக் கம்பெனியே நடத்தும் இணையக் கடை வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அதுவரை அண்ணிக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

ஒருநாள் அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வெளியாட்களின் செயலிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர், கண்ணாடிக் கட்டடத்தில் உட்காரவைத்து உபசரித்தார். பேச்சில் தேன் சொட்டியது. யார் பயன்படுத்துகிறார்கள், எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்த இடத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். நாம் சேர்ந்து பெரிதாகச் செய்யலாம் என்றார். ரேடியோ சும்மா இருப்பாளா? ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருடம் கம்பெனியின் புது போன் வந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எதிரே இருக்கும் எழுத்தை அதுவே படித்தது. எழுத்து சரியாகத் தெரியாவிட்டால், "கொஞ்சம் கிட்ட காட்டுங்க, அவசரமில்ல" என்றது.

நாத்தனார் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். 

"இது நான் சொன்ன வாக்கியம் அண்ணி. 'அவசரமில்ல'ன்னு சேர்க்கணும், இல்லைன்னா வயசானவங்க பதறுவாங்கன்னு அந்த ஆள்கிட்ட நான்தான் சொன்னேன்."

அதோடு விட்டார்களா? 'படிச்சுச் சொல்'லின் புதிய பதிப்பைக் கடையில் ஏற்ற மறுத்தார்கள். திரை அணைந்திருக்கும்போது கேமரா ஓடக்கூடாதாம், அது விதியாம். திரையே பார்க்காதவர்களுக்கான செயலி அது. கம்பெனியின் சொந்தப் பொத்தானும் திரையை அணைத்துவிட்டுத்தான் கேமராவை ஓட்டியது. அண்ணி எழுதிக் கேட்டாள். அந்த விதி வெளியாருக்கு மட்டும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது. விதியை எழுதுகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன், எதிர்க்கடை போட்டிருக்கிறவன் எல்லாம் ஒரே ஆள் என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பழைய பதிப்பு புது போன்களில் ஓடவில்லை. பயன்படுத்தியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் அண்ணியும் நாத்தனாரும் செயலியை நிறுத்தினார்கள். சந்தையில் பெரிய கை சின்னக் கைகளை நசுக்குகிறதா என்று விசாரிக்கிற ஆணையம் ஒன்று இருந்தது. அண்ணி அங்கே புகார் கொடுத்தாள். தனக்கும் இதே கதைதான், தானும் வந்து சொல்கிறேன் என்று பாட்டுச் செயலி நடத்துகிற ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். விசாரணை நெருங்கியபோது அவர் போன் செய்தார்.

"அண்ணி, என் கடையும் அவங்க வாசல்லதான் இருக்கு. நான் வாயத் திறந்தா நாளைக்கே என் ஆப்பும் ஏதாவது விதிக்குப் புறம்பா ஆயிடும். மன்னிச்சுடுங்க."

அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வளர்ந்த மனிதனை இப்படிக் குரல் தாழ்த்திப் பேச வைத்தவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

பிறகு அந்தத் தேன்வாய் அதிகாரியே டயர் கடைப் படியேறி வந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இதைப் பற்றி வெளியே பேசாமல் இருந்தால், நாத்தனாருக்குக் கம்பெனியில் நல்ல வேலை தருவதாகச் சொன்னார்.

"என்ன வேல சார்?" என்றாள் நாத்தனார்.

"மேடைகள்ல பேசணும். எங்க போன் உங்க வாழ்க்கைய எப்படி மாத்துச்சுன்னு."

"மாத்துச்சே. அதத்தான் சார் ஆணையத்துல சொல்லப்போறேன்."

கீழே காற்று இயந்திரம் உறுமத் தொடங்கியது. அவர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

விசாரணைக்கு முன்பே இன்னொன்று நடந்தது. கம்பெனி அந்தப் பொத்தானின் வேலையை மாற்றிவிட்டது. ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரி ஒருவர், தனியாக வாழ்கிறவர், ஆரம்ப நாளிலிருந்து வாடிக்கையாளர், போன் செய்தார்.

"அண்ணி, மாத்திரை அட்டையக் காட்டினா, இதே மாத்திரை எந்தக் கடையில வாங்கலாம்னு சொல்லுது. எத்தன வேள சாப்பிடணும்னு சொல்ல மாட்டேங்குது. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"நீங்க தப்பா எதுவும் அமுக்கலம்மா" என்றாள் அண்ணி.

ஆணையத்தின் அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. கம்பெனிப் பக்கம் வக்கீல்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அண்ணியும் நாத்தனாரும். தலைவர் வயதான அம்மாள். சளி பிடித்த குரல்.

மூத்த வக்கீல் எழுந்து நிதானமாகப் பேசினார். "நாங்க இலவசமா குடுத்தோம். இலவசத்தால யாருக்கு என்ன நஷ்டம்? தவிர, அந்த வசதியையே இப்ப எடுத்துட்டோம். அவங்க செயலியும் இல்ல, எங்களுதும் இல்ல. போட்டியே இல்லாத இடத்துல போட்டி வழக்கு எப்படி? மனுவ முடிச்சு வைக்கணும்."

அண்ணி எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்ததை மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

"இலவசமா குடுத்தது எங்கள மூட வைக்க. நாங்க மூடினதும் அதையும் புடுங்கிட்டாங்க. இப்ப எதுவுமே இல்ல, அதனால வழக்கும் இல்லைங்கறாரு. கண்ணு தெரியாத ஒரு அம்மா மாத்திரையக் காட்டினா இவங்க போன் கடைக்கு வழி காட்டுது. அந்த அம்மாவுக்கு நஷ்டம் இல்லையா? அவங்க யார்கிட்ட போவாங்க?"

"கொஞ்சம் அமைதியா பேசுங்கம்மா" என்றார் தலைவர்.

"அமைதியாத்தான் மேடம் அத்தன நாள் கடிதாசு எழுதினேன். ஒரு மெஷின் பதில் போட்டுது."

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்பினார். "திரை அணைஞ்சா கேமரா ஓடக்கூடாதுங்கற விதி உங்க சொந்தப் பொத்தானுக்குப் பொருந்துச்சா?"

"அது தொழில்நுட்ப ரீதியா பல கோணங்கள்ல பார்க்க வேண்டிய..."

"பொருந்துச்சா, இல்லையா?"

வக்கீல் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே எல்லாரும் குனிந்துகொண்டார்கள். "பொருந்தல" என்றார்.

தீர்ப்பு வரவே பல மாதம் ஆனது. கடையை நடத்துகிறவன் தன் சரக்குக்கு ஒரு விதி, மற்றவர் சரக்குக்கு ஒரு விதி வைக்கக்கூடாது. 'படிச்சுச் சொல்'லைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் செயலியைச் சேர்க்கும் உத்தரவுக்குத் தடை கிடைக்கவில்லை. தடை மறுக்கப்பட்ட அன்று மாலையே கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. சிறிய தயாரிப்பாளர்களோடு தாங்கள் என்றைக்கும் தோளோடு தோள் நிற்பவர்கள் என்று அதில் இருந்தது. அண்ணியின் புருஷன் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. போன்கள் மாறிவிட்டிருந்தன, பாதிச் செயலியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

எழுதி முடித்து ஏற்றிய அன்று தட்டச்சுக்கார அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டிருந்தார்.

"தனியா இருக்க முடியல அண்ணி. இங்க மருமகன்தான் அட்டையப் படிச்சுச் சொல்றாரு. பாவம், வேலைக்கு ஓடற அவசரம். பாதிதான் படிப்பாரு."

அந்த அம்மாள் விட்டுவந்த வீட்டை எந்த உத்தரவும் திருப்பித் தராது.

"மகள்கிட்ட போனக் குடுங்கம்மா. இப்பவே போட்டுடலாம்."

மகள் போனில் கம்பெனியின் கடையைத் திறந்து செயலியின் பெயரை அடித்தாள். "முதல்ல ஏதோ பொருள் வாங்கற ஆப் வருது. விளம்பரம் போல."

"கீழ போங்க."

"அதே கம்பெனியோட போட்டோ ஆப்."

"இன்னும் கீழ."

"பேர முழுசா சரியாத்தானே அடிச்சேன். இவ்வளவு கீழயா இருக்கும்?"

"இருக்கு. விடாம போங்க" என்றாள் அண்ணி. பேசிக்கொண்டே மறு கையால் ஆணையத்துக்கு அடுத்த புகாரின் முதல் வரியை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.