ஒரு சாண் உயரத்தில் நின்ற கார்

ஆல்வின் பிக்கர்ஸ்கில் தன் கையாலேயே கட்டிய கார், ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி, அங்கேயே நின்றுகொண்டது. அன்று அவன் ஊரான ஆல்தர்பியில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது, பன்றிக்கறி விலையும் ஏறியிருந்தது. ஊர் கறியைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

இதற்கு ஆல்வினைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாதிப் பேருக்கு இந்தக் கார் கட்டும் பித்து இருந்தது. காரின் இரும்புச் சட்டம் ஒரு பெட்டியில் வரும், ஃபைபர் கிளாஸ் உடம்பு இன்னொரு பெட்டியில் வரும். எஞ்சினை மட்டும் எங்காவது மழையில் ஊறிக் கிடக்கும் பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். ஆல்வினும் அவன் மனைவி பெரிலும் இரண்டு குளிர்காலம் கராஜில் கிடந்து அதைக் கட்டினார்கள். தகட்டைப் பிணைக்கிற ரிவெட் ஆணி அடித்ததெல்லாம் பெரில்தான். உள்ளங்கை கொப்புளித்துப் போனபோதும் அவள் விடவில்லை. முதல் கோடையில் இருவரும் கூரையில்லாத அந்தக் காரில் ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போய், நனைந்து, மீனும் வறுவலும் தின்று, சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கார் கட்டினவன் எவன் நிறுத்தியிருக்கிறான்?

வருஷா வருஷம் ரிப்பேர், வருஷா வருஷம் புதுசு. கார்பரேட்டர் போய் நவீன ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது, பழைய பிரேக் போய் டிஸ்க் பிரேக் வந்தது. பெரிய எஞ்சினுக்கு வழியில்லாதவன் எடையைக் குறைப்பான்; கார் கட்டுகிற கூட்டத்தின் வேதம் அது. ஆல்வின் அதைப் பிடித்தான் பாருங்கள், உடும்புப் பிடி! இரும்பு எங்கே கண்ணில் பட்டாலும் ட்ரில்லை எடுத்துத் துளை போட்டான். பெடலில் துளை, கதவுப் பிடியில் துளை, கடைசியில் சாவியில்கூடத் துளை. ஹீட்டரைத் தூக்கி எறிந்தான், பெயின்டைச் சுரண்டினான், தான் சாப்பிடும் புட்டிங்கையும் நிறுத்தி ஒட்டடைக்குச்சியாய்ப் போனான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். நடுவில் ஒரு நாள் பெரிலின் சீட்டையும் கழற்றி விற்றுவிட்டு, சமையலறைக்குள் ஓடி வந்தான். “பதினோரு கிலோ மிச்சம் பெரில்! நீ ஏறாததையும் சேத்தா, அடேயப்பா!” என்றான். பெரில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடாத தேநீரை அவள் அவ்வளவு நேரம் கலக்கியது அவன் கண்ணில் படவில்லை. அன்று முதல் அவள் கராஜுக்குள் ஃப்ரீஸரில் பட்டாணி எடுக்க மட்டும்தான் வருவாள். காரைத் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

நம்பர் பிளேட்டின் திருகாணியில் துளை போட்ட அன்றுதான் கார் எழும்பியது. ஆல்வினுக்கு முதலில் ஒரே குதூகலம். ரோட்டில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கிற வருடாந்திரச் சோதனைக்காகக் காரைக் கயிற்றில் கட்டி, கன்றுக்குட்டி மாதிரி தெருவோடு இழுத்துக்கொண்டு சோதனைக்காரன் நெவிலின் பட்டறைக்குப் போனபோதுதான் வினை தெரிந்தது. பிரேக்கைச் சோதிக்கிற உருளை கீழே சுழல்கிறது. சக்கரம் மேலே சும்மா நிற்கிறது. நெவில் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான்.

“யோவ் ஆல்வின், துரு இல்ல, புகை இல்ல, லைட் எல்லாம் எரியுது. ஆனா பறக்கறதை ரோட்டுல விட என்னால கையெழுத்துப் போட முடியாதுய்யா. மாசக் கடைசிக்குள்ள தரையில இறக்கிக் கொண்டா. இல்லேன்னா கழட்டி வித்துடு.”

கழட்டி விற்பதா! ஆல்வின் பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். ஆயுளில் பாதியை அந்தக் காரில் கொட்டியிருக்கிறான். மணல் மூட்டை ஏற்றினான். பழைய எஞ்சினை ஏற்றினான். தானே ஏறி உட்கார்ந்தும் பார்த்தான். கொல்லனிடம் கெஞ்சி ஒரு பட்டறைக்கல்லைக்கூட வாங்கி வந்து ஏற்றினான். ஏற்றியதெல்லாம் ஏறிய மாத்திரத்தில் காய்ந்த இலையாய் லேசாகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்த கல்லை அவனே இரண்டு விரலால் எடுத்துக் கீழே வைத்தான். இத்தனை வருஷமாய்க் கற்றுக்கொடுத்ததைக் கார் நன்றாகத்தான் கற்றிருந்தது.

அந்த வாரம் பெரில் பட்டாணிப் பொட்டலத்தோடு திரும்பும்போது, அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்ட, எதன்மேல் உட்கார்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் காரின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொம்மென்று நாலு சக்கரமும் தரையில் இறங்கின. ஆல்வினுக்குத் தலைகால் புரியவில்லை.

“பெரில்! உன் எடை எவ்வளவு?”

“நல்லாக் கேட்டே போ! இத்தனை வருஷம் கழிச்சு என்கிட்ட கேக்கறதுக்கு உனக்கு இதுதான் கெடைச்சுதா?” அவள் எழுந்தாள், கார் மறுபடி ஏறியது. “மூட்டை வேணும்னா கடையில வாங்கிக்கோ. பொண்டாட்டி வேணும்னா வாயைத் தொறந்து கேளு.”

அந்தப் பக்கத்து ஆம்பளைகள் மன்னிப்பை வாயால் கேட்பதில்லை, தேநீர் போட்டுக் கொடுப்பார்கள். ஆல்வின் அந்த மாசம் பூராவும் தேநீராய்ப் போட்டான். பெரில் அத்தனையையும் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனாள். மாசக் கடைசி நாள் காலையில் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“சீட்டைக் கழட்டினது தப்பு பெரில். அதைவிட அன்னிக்கு நான் சொன்னது பெரிய தப்பு. நீ அடிச்ச ரிவெட்லதான் அந்தக் காரே நிக்குது. உன்னைப் போய் எடைன்னு கணக்குப் போட்டேனே. வெக்கமா இருக்கு.”

பெரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, “சாவியைக் குடு,” என்றாள். அப்போதுதான் ஆல்வினுக்கு உறைத்தது: காரில் மிச்சம் இருந்தது ஓட்டுகிறவர் சீட் ஒன்றுதான்.

பெரில் ஓட்டினாள், நெவில் தேர்ச்சிச் சான்றில் கையெழுத்துப் போட்டான். “எறங்கும்போது மட்டும் கம்பத்துல கட்டிடுங்கம்மா,” என்று வாய்வார்த்தையாய்ச் சொல்லி வைத்தான். அந்தக் கோடையில் கார் கட்டுவோர் சங்கத்தார் எல்லாரும் ஸ்கார்பரோவுக்குக் கிளம்பியபோது அவள் முதல் ஆளாய்ப் போனாள். ஆல்வின் சாண்ட்விச் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்றான். “இன்னொரு சீட்டு போட்டுரட்டுமா?” என்று கெஞ்சினான். பெரில் எஞ்சினை உறுமவிட்டாள். “எடை ஆச்சே, ஆல்வின்!” வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது.

குளிர்காலத்தில் அவன் கனத்த ஓக் மரத்தில் ஒரு சீட் செய்தான். ஒரு துளைகூடப் போடவில்லை. அவன் மரத்தோடு மல்லுக்கட்டியதைப் பெரில் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் ரிவெட் துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கி, தானே அடித்துப் பொருத்தினாள். இப்போது இருவரும்தான் போகிறார்கள். அவள் ஓட்டுகிறாள், அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். அவனை மட்டும் கார் இன்னும் எடையாய்க் கணக்கு வைக்கவில்லை; அவன் பக்கத்துச் சக்கரம் இரண்டும் தரையைத் தொடுவதில்லை. அந்தப் பக்கம் டயர் தேய்மானமே இல்லை என்று ஆல்வின் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.